ஹோரஸ் அறுத்த தூண்

மேவிஸ் பாஸ்க்கைக் கோபக்காரி என்று எங்கள் சஃபோக் பக்கத்தில் சொல்வார்கள். அடுத்த பண்ணையில் முப்பது வருஷம் இருந்தவள் நான். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே வருஷம்தான், ஐம்பத்துமூன்றில்.

அந்த வருஷம் புது ராணியின் முடிசூட்டு விழாவைப் பார்ப்பதற்காக அவள் கணவன் ஹோரஸ் ஒரு டெலிவிஷன் வாங்கினான். ஊரில் அதுதான் முதல் பெட்டி. எல்லாரையும் அழைத்துவிட்டான். ஆனால் அவர்கள் வீட்டுக் கூடத்தின் நடுவே, புகைபோக்கிக்குப் பக்கத்தில், ஒரு ஓக் தூண் நின்றது. பாதிப் பேருக்குப் பெட்டியை மறைக்கும்.

"சும்மா நிக்குற மரம்" என்று சொல்லி ஏப்ரலில் அதை அறுத்துப் போட்டான்.

வீட்டுக்கு ஐந்நூறு வயது. முதலில் மேல்தளமே கிடையாது. கூடத்தின் நடுவில் தீ மூட்டி, புகையைக் கூரை வழியே விட்டார்கள். பின்னால் வந்தவர்கள் செங்கல் புகைபோக்கி எழுப்பி, மச்சும் போட்டார்கள். அதற்கும் பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றின்மேலும் காரை பூசிக் காகிதம் ஒட்டினார்கள். முன்னால் இருந்தவர் எதை வெட்டினார் என்று யாரும் கேட்டதில்லை.

மே மாதத்தில் மாடிக் கதவு மூட மறுத்தது. மேவிஸ் அதன் அடியைச் சீவிவிட்டாள். ஒரே வாரத்தில் மறுபடி மூடவில்லை. பால் சட்டியில் காரைத்தூள் விழுந்தது. ஒரு காலை, விளக்கை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினாள். பழைய புகையில் கரியாகக் கறுத்துப்போன கைமரங்களுக்கு நடுவே, கூரையின் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்க வேண்டிய பெரிய குறுக்கு விட்டம் அறுபட்டு நின்றது. புகைபோக்கிக்கு வழிவிட எவனோ அறுத்திருக்கிறான். அந்த அறுபட்ட முனையைத்தான் கூடத்திலிருந்து மச்சைக் கடந்து ஏறிய அந்தத் தூண் தாங்கியிருந்தது. அறுப்பு வாயில் இப்போது புதிய வெள்ளைப் பிளவு. அவள் கை நுழைந்தது.

"ஹோரஸ், வீடு விரியுது. ஆல்டஸ் தச்சனைக் கூப்பிட்டு முட்டுக்கொடுக்கச் சொல்லு."

"ஐந்நூறு வருஷம் நின்னது, உன் காலத்துலயா விழப்போகுது? போய் ரொட்டியைச் சுடு."

விழா நாளன்று கொட்டுகிற மழை. நாங்கள் இருபத்தாறு பேர் கேக்கும் குடையுமாகப் போனோம். மேவிஸ் வைக்கோல் வாரும் கவையோடு வாசலை மறித்து நின்றாள்.

"யாரும் உள்ள போகக் கூடாது. கூரை தாங்காது."

"என்ன மேவிஸ், உனக்குத்தான் கிரீடமா?" என்று யாரோ கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடைசியில் நனைந்தபடி வீடு திரும்பினோம்.

அன்று கூரை விழவில்லை. அடுத்த நாளும் விழவில்லை. ஹோரஸ் மதுக்கடைக்குப் போவதையே நிறுத்தினான், போனால், "வீடு இன்னும் நிக்குதாப்பா?" என்பார்கள். மேவிஸ் படுக்கையையும் அடுப்பையும் வீட்டுக் கோடியில் இருந்த பால் அறைப் பக்கம் மாற்றிக்கொண்டாள். அவன் வீம்புக்கு அந்தக் கூடத்திலேயே, புகைபோக்கியின் கீழே தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான். தினமும் அவள் தட்டை வாசற்படி வரை கொண்டுபோவாள்.

"வெளிய வந்து சாப்பிடேன், ஹோரஸ்."

"உள்ள வந்து வைக்கிறதுன்னா வை."

அவள் உள்ளே போய் வைத்துவிட்டு வருவாள். அந்த நேரங்களில் தலைக்குமேலே மரம் முனகுவது கேட்கும் என்று என்னிடம் சொன்னாள். அதை மட்டும் நான் சிரிக்காமல் கேட்டேன்.

ஆகஸ்டில் கோதுமை அறுப்பு. மத்தியானம் ஹோரஸ் சாப்பிடப் போனான். வயலில் இருந்த எங்களுக்கு இடிந்த சத்தம் கேட்கவில்லை. செங்கல் தூசி மேலே எழுந்ததைத்தான் பார்த்தோம். புகைபோக்கி மச்சையும் இழுத்துக்கொண்டு கூடத்துக்குள் இறங்கியிருந்தது. மேவிஸ் வெறுங்கையால் ஓக் கட்டைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தட்டை வைத்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்தாளாம்.

அடக்கத்தன்று, விழா நாளில் மழையில் நனைந்து திரும்பியவர்களில் ஒருத்தி அவள் கையைப் பிடித்து, "நீ சொன்னதுதான் சரி, மேவிஸ்" என்றாள்.

"அதை வச்சு நான் என்ன செய்ய? அவன் கையைப் பிடிச்சு வெளிய இழுத்திருக்கணும். அவனுக்கு ரோஷம். எனக்கும் ரோஷம்."

மிஞ்சிய பால் அறைப் பக்கத்தை ஆல்டஸ் சுவர் வைத்து அடைத்துக் கொடுத்தார். ஊரார் வேறு வீடு பார்க்கச் சொன்னார்கள். அவள் கேட்கவில்லை. அங்கேயே மாடுகளோடு இருபத்தெட்டு வருஷம் இருந்தாள்.