குழாய்க்குள் கூர்க்குண்டு

கல்லூரிப் படிப்பு முடிந்த வருஷம், மேலகரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த எங்கள் தோப்பைப் பார்த்துக்கொள்ள அப்பா என்னை அனுப்பினார். சாரல் முடிந்திருந்தது. குற்றாலத்தில் குளிக்க வந்த கூட்டம் போய், கடைகளைத் தட்டி வைத்து அடைத்துவிட்டார்கள்.

மரச்சீனிக் கிழங்கைப் பன்றிகள் கிண்டுவதால் லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி ஒன்று வீட்டில் இருந்தது. சுடும் குழலுக்கு அடியில் இன்னொரு குழாய். அதற்குள் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். சுட்ட கூடுகளைப் பொறுக்கி, அடித்தட்டின் நடுவில், குத்தினால் பொறி பறக்கும் புதுக் கேப்பு வைத்து, வெடிமருந்து போட்டு, ஈயக்குண்டு செருகி நானே தோட்டா செய்யப் பழகினேன். அதைப் பற்றிப் பேசத்தான் ஆள் இல்லை. பலாமரத்திடம் எத்தனை நாள் பேசுவது?

அதனால் தென்காசியிலிருந்து என் சிநேகிதன் வருகிறான் என்றதும், காலையிலிருந்தே வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு வாரம் தங்குவதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். சைக்கிளை நிறுத்தியதும் பையைக் கவிழ்த்தான். அத்தனையும் குண்டு. கொல்லனிடம் அச்சு செய்து வாங்கி, எனக்காக அவனே வார்த்தவை. முள் மாதிரிக் கூர்.

"எப்படிலே இருக்கு? பன்னிக்கு இந்தப் பக்கம் போயி அந்தப் பக்கம் வந்திரும்லா!"

"அழகாத்தான் இருக்கு. ஆனா இந்தத் துப்பாக்கிக்கு ஆகாதுலே."

"ஏன், அது பத்தியத்துல இருக்கா?"

விளக்கினேன். குழாய்க்குள் ஒரு குண்டின் மூக்கு, முன்னால் கிடக்கும் தோட்டாவின் கேப்பிலேயே போய் முட்டும். சுடும்போது துப்பாக்கி உதைக்கும். அந்த உதையில் கூர்மூக்கு கேப்பைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அந்த இடத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது இடது கை. மூக்கு தட்டையாக, கேப்பைவிட அகலமாக இருந்தால்தான் குத்தாது. உருண்டை மூக்கைக்கூட நான் நம்புவதில்லை.

அவன் சிரித்தான். மருந்தில்லாத, கேப்பு செத்த கூடுகளில் அவன் குண்டுகளைச் செருகினேன். நுனியில் விளக்குக்கரி தடவி, குழாயில் போட்டு உலுக்கி, எடுத்துக் காட்டினேன். கேப்பு நடுவில் கரும்பொட்டு.

"பொட்டு வச்சா வெடிச்சிருமோ? எத்தன பேரு சுடுதான்!"

"வெடிக்காமயும் போவும். அத ஒங் கைய வச்சு நான் பாக்க மாட்டேன். ஒண்ணொண்ணா நேரா குழல்ல போட்டுச் சுடு, குழாய்ல மட்டும் வேண்டாம்."

"ஒண்ணொண்ணா போடுததுக்கா இவ்வளவு தூரம் மிதிச்சு வந்தேன்? துப்பாக்கியக் குடு. பயமா இருந்தா நீ தள்ளி நில்லு."

'சரி' என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவன் ஒரு வாரம் இருந்திருப்பான். துப்பாக்கியை எடுத்துப்போய் அறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

"நீயும் ஒன் தட்ட மூக்கும் சேந்து குடும்பம் நடத்துங்கலே!" என்றான். குண்டுகளை ஒன்றுவிடாமல் பையில் அள்ளினான். காப்பிகூடக் குடிக்கவில்லை.

ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சரிவில் இறங்கினான். திரும்பிப் பார்க்கவில்லை. வளைவில் மணி அடித்தது. எனக்காகவா, குறுக்கே வந்த மாட்டுக்காகவா என்று தெரியவில்லை. மாட்டுக்காகத்தான் இருக்கும்.