தேயிலை டின்னில் அக்காவின் காது

அக்காவுடைய காது மெஷின் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள். அதிலிருந்து ஒரு ஒயர் கழுத்தோரமாக ஏறிக் காதில் அடைத்த அச்சுக்குப் போகும். சின்ன வயதில் வந்த காய்ச்சல் அவள் காது கேட்கும் சக்தியில் முக்கால்வாசியைக் கொண்டுபோய்விட்டது. மீதிக் கால்வாசியையும் அந்தப் பெட்டியையும் நம்பித்தான் எஸ்டேட் பிள்ளைக் கொட்டகையில் ஆயாவாக இருந்தாள். கொழுந்து வெட்டப் போகும் தாய்மார் விடிந்ததும் குழந்தைகளைக் கொண்டுவந்து அவளிடம் விடுவார்கள்.

நான் பள்ளிக்கூடத்தின் கடைசிப் பரீட்சையான பாரம் ஐந்தை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரம். சும்மா இருக்கத் தெரியாது. ரேடியோ ரிப்பேர் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு நாங்கள் குடியிருந்த எஸ்டேட் வரிசை வீடுகளில், அதாவது லயத்தில், இருந்த ஐந்து ரேடியோக்களைத் திறந்திருந்தேன். இரண்டு பாடின. மற்ற மூன்றைப் பற்றி யாரும் என்னிடம் பேசுவதில்லை.

ஒரு திங்கட்கிழமை எஸ்டேட் கணக்குப் பார்க்கும் கிராணி அக்காவை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். அவர் பேசுவதை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொல்ல நானும் போனேன். அங்கே ஒரு தாய் கொழுந்துச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

"எம்புள்ள கத்திக் கத்தி நீலம் பூத்துக் கெடக்கு. இவ முதுகக் காட்டிக்கிட்டுத் துணி மடிக்கிறா!"

கிராணி அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "அடுத்த திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன். மெஷின சரி பண்ணச் சொல்லு. இல்லன்னா கொழுந்து வெட்டுற கத்திரிய எடுத்துக்கிட்டு மலைக்குப் போவட்டும். பச்சப் புள்ளைங்க விஷயம் லா. தொரைக்கு நான்தானே பதில் சொல்லணும்?"

நான் சொல்வதற்கு முன்பே அக்கா புரிந்துகொண்டிருந்தாள். வரும் வழியில், "மலையில எனக்கு என்னாடி பேச்சுத் துணை? செடியா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றே பெட்டியைத் திறந்தேன். பேட்டரி கசிந்து, அது தொடும் தகட்டில் பச்சையாகப் பூத்திருந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்து எடுத்துப் புதுப் பேட்டரி போட்டேன். சத்தம் வந்தது. கூடவே 'கீ' என்று விசிலும் வந்தது. காது அச்சைக் கழற்றிப் பார்த்தால் துவாரம் முழுக்க அழுக்கு. சோப்புத் தண்ணீரில் கழுவி, ஊதி, காயவைத்து, காதில் நன்றாக அழுத்தி மாட்டிவிட்டேன். விசில் நின்றது. "ஒனக்கு டாக்டர் வேல கெடைக்கும் போல," என்றாள் அக்கா. நான் அதை நம்பினேன்.

புதன்கிழமை பனி இறங்கியது. எங்கள் ஊரில் பனி வாசலோடு நிற்காது. உள்ளே வந்து சட்டைப் பெட்டிக்குள்ளும் படுத்துக்கொள்ளும். மெஷினில் சத்தம் தேய்ந்து தேய்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் ஆகிவிட்டது என்றாள் அக்கா. ஈரம்தான், வேறொன்றுமில்லை.

எங்கள் லயத்தில் ஈரம் ஆகாத எதையும் தேயிலை டின்னுக்குள் வைப்பார்கள். தீப்பெட்டி, அப்பளம், பிறப்புப் பத்திரம் எல்லாம் அதற்குள் இருக்கும். அப்பா பேக்டரியில் டிரையர் மெஷினில் வேலை பார்த்தார். வறுத்துச் சூடு ஆறிய தேயிலை காற்றிலிருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும், அதனால்தான் அதைத் திறந்துவைக்க விடமாட்டார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் கொண்டுவந்த தேயிலைத்தூள் ஒரு பழைய பால்மாவு டின் நிறைய இருந்தது. மெஷினை அதற்குள் புதைத்து மூடினேன். துணியில் சுற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், துணி தடுக்கும், நேராகப் பட்டால் சீக்கிரம் காயும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லியிருப்பேன்.

வியாழன் காலையில் மெஷின் மணியாகக் கேட்டது. அக்கா கொட்டகையிலிருந்து திரும்பி வந்து, எந்தக் குழந்தைக்கு மூக்கடைப்பு என்றுகூடச் சொன்னாள். நான் லயம் முழுக்க என் கண்டுபிடிப்பைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அன்று சாயந்தரமும் டின்னுக்குள் புதைத்தேன். வெள்ளிக்கிழமை கரகரவென்றது. மத்தியானத்துக்குள் செத்துப்போனது.

சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ரிங்லெட்டில் பஸ் ஏறினேன். தாப்பா வரைக்கும் வளைவுகள். வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. அங்கே பஸ் மாறி ஈப்போ. காது மெஷின் கடையில் ஒரு வயதான சீனர் பெட்டியைப் பிரித்து, ஒரு வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்துத் தட்டினார். தூள் கொட்டியது. விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அடிக், இதுக்குச் சீனி போடணுமா?" என்று, தங்கச்சியைக் கூப்பிடுவதுபோல, மலாயில் கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சத்தத்தை வாங்குகிற சின்ன மைக் முழுக்கத் தூள் அடைத்துப்போயிருக்கிறது, மாற்ற வேண்டும், சாமான் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், மூன்று வாரமாகும் என்றார். அதுவரை வைத்துக்கொள்ள வேறு மெஷின் தருவீர்களா என்று கேட்டேன். தலையை ஆட்டினார், இல்லை என்று. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைத் திறக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

திங்கட்கிழமை கொட்டகையில் அக்கா தூளிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தூளியிலிருந்தும் ஒரு கயிறு அவள் கைக்கு வந்தது. குழந்தை அழுதால் உதைக்கும், உதைத்தால் கயிறு ஆடும். அவளாகவே யோசித்துக் கட்டியது. புத்தகம் படித்த எனக்கு அது தோன்றவில்லை. கிராணி வந்து பார்த்தார். அவருக்கே கொஞ்சம் மனம் இளகியது போலத்தான் இருந்தது. அப்போது அவள் முதுகுக்குப் பின்னால், பாயில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை விழுந்து வீறிட்டது. அதற்குக் கயிறு இல்லை. அக்கா கையிலிருந்த கயிறுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானே ஓடிப்போய் அந்தக் குழந்தையைத் தூக்கினேன். மறுநாள் அக்கா கத்திரியோடு மலைக்குப் போனாள். பக்கத்து வீட்டுக்காரி ஆயா ஆனாள்.

அக்கா கைகள் கொப்பளித்து வருவாள், சாப்பிடுவாள், படுத்துவிடுவாள்.

சொன்ன மூன்று வாரத்தில் மெஷின் சரியாகி வந்தது. மலையிலிருந்து இறங்குகிற வழியிலேயே அவளுக்கு எதிரே போய்க் கொடுத்தேன். மாட்டிக்கொண்டாள். நாங்கள் கொட்டகையைத் தாண்டும்போது உள்ளே ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி பால் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அக்கா வாசலில் நின்று தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"பசி இல்ல அது. தூக்கத்துக்கு அழுவுது. தூளியில போடு."

போட்டாள். அழுகை நின்றது. அக்கா இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அச்சைக் காதிலிருந்து கழற்றி, ஒயரைச் சுற்றி, என்னிடம் நீட்டினாள்.

"நிப்பாட்டி வையிடி. பேட்டரி தீந்துரும்."