விதை உளுந்தில் காய்ச்சிய கஞ்சி

மழை பொய்த்த வருஷத்து உளுந்தில் குறைவது எது? சத்தா, வெறும் பருமனா? ஐந்து வருடமாகியும் எனக்கு விடை தெரியவில்லை.

மூத்தவளுக்கு அப்போது பத்து மாதம். சிங்கவரத்தில் என் மாமனாரின் மானாவாரிக் கொல்லையில் உளுந்து காய் பிடித்த நேரம் மழை நின்றுபோனது. மணிகள் சிறுத்து, தோல் சுருங்கி வந்தன. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் ஏலம் எடுக்கும் வியாபாரிகள் ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். மூட்டையை அப்படியே திருப்பிக் கொண்டுவந்த மாமனார், "அவனுங்க கெடக்கறானுங்க, என் பேத்தி துன்னட்டும்மா" என்று என்னிடம் கொடுத்தார். அதில்தான் கஞ்சி காய்ச்சினேன். நல்ல உளுந்துக்கு அளக்கும் அதே ஆழாக்குதான். சுருங்கிய மணியில் தோலின் பங்கு கூடுதல், பருப்பு குறைவு என்பதை, இத்தனை படித்தும், நான் யோசிக்கவில்லை.

இரண்டு மாதம் எடை ஏறவில்லை. அங்கன்வாடி டீச்சர் எடை குறிக்கும் அட்டையைக் காட்டி, "இன்னாம்மா, கோடு படுத்துக்கினு இருக்குது? கொழந்தைக்குக் குடுக்கறியா, நீயே துன்னுடறியா?" என்றார். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

வீட்டில் ஒரு தகர டின் இருந்தது. முந்தின வருஷம் நல்ல மழையில் விளைந்ததில் பொறுக்கி, சாம்பல் கலந்து, மாமனார் விதைக்கென்று வைத்திருந்த உளுந்து. அவர் கொல்லைக்குப் போகும் நேரம் பார்த்து தினமும் ஒரு பிடி எடுத்தேன். சாம்பல் போகக் கழுவி, கஞ்சியில் சேர்த்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவர் விளைவித்ததைக் குறை சொன்னதாகிவிடுமே என்று கேட்கவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம்தான் உண்மை.

குழந்தை தேறினாள். விதைக்கிற அன்று டின்னைத் திறந்தவர், அடிவரை கையை விட்டுத் துழாவினார். "வண்டு வுழுந்துட்டிருந்துது மாமா, கொட்டிட்டேன்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "நாந்தான் சரியா காய வைக்கல" என்றார். வேறு வழியில்லாமல் சுருங்கிய உளுந்தையே விதைத்தார். பாதிக் கொல்லை முளைக்கவில்லை. அன்றிலிருந்து மூன்று நாள் வெயில் போதுமான விதைக்கு ஆறு நாள் வெயில் காட்டுகிறார். நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பிறகு வேளாண்மை அதிகாரி ஒருவரிடம் கேட்டேன். வறட்சியில் மணி நிறையாமல் மாவுச்சத்து குறையலாம் என்றார். புரதம் எடைக்கு எடை குறையாமலும் இருக்கலாம், சில சமயம் கூடியும் இருக்கலாமாம். இரும்பும் துத்தநாகமும் சோதித்தால்தான் தெரியுமாம். அப்படியென்றால் சுருங்கிய உளுந்திலேயே ஒரு பிடி கூட்டிப் போட்டிருந்தால் போதுமா? விதை உளுந்து சேர்த்த அந்த மாதம் முட்டையும் கொடுக்க ஆரம்பித்திருந்தேன். அவளைத் தேற்றியது எது? ஒன்றுமில்லாததற்கா அவர் விதையைத் திருடினேன்?

இந்த வருஷமும் காய் பிடிக்கும் நேரம் மழை இல்லை. இளையவனுக்கு எட்டு மாதம். நேற்று மாமனார் முறம் நிறையச் சுருங்கிய உளுந்தைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். "பெரியவள தேத்தனது இதாம்மா. இவனுக்கும் இதையே காச்சு" என்றார். கமிட்டியில் ஒருவரும் வாங்காத உளுந்து. அதில் அவருக்கு மிச்சமிருக்கும் பெருமை என் பொய்யில் நிற்கிறது.

முறம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பிள்ளை வளர்த்தவர்களைக் கேட்கிறேன்: இந்த உளுந்தை எவ்வளவு, எதோடு சேர்த்துக் கொடுக்கலாம்? அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுக் கொடுக்கவா, சொல்லாமலே கொடுக்கவா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.