கூரை போட்டவர் கூரை பார்த்த கதை

வீட்டு வண்டித் தொழிற்சாலைகள் நிறைந்த எல்க்ஹார்ட் வட்டாரத்தில், சக்கரத்தில் ஓடும் அந்த வீடுகளில் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் பாங்குக்குப் போவதற்கு முன்னால் லாவன் ஹாக்ஸ்டெட்லர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். அதிலும் பிக்கப் லாரியின் முதுகில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பின்னால் வரும் பெரிய ரகம், ஃபிஃப்த் வீல் என்றால், லாவன் வராமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் அந்த வண்டிகளுக்குக் கூரை போட்டவர் அவர். ஆனால் ஒரு ராத்திரிகூட அதில் படுத்துத் தூங்கியதில்லை. சமையல்காரன் தன் ஓட்டலில் சாப்பிடமாட்டான் என்பார்களே, அந்த ஜாதி.

அவர் வண்டி பார்க்கும் அழகே தனி. பக்கச் சுவரில் கன்னத்தை ஒட்டிவைத்து ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பார்ப்பார். எங்காவது உப்பியிருந்தால் உள்ளே ஈரம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அலமாரிக்குள் தலையை விட்டு மோந்து பார்ப்பார். இழுப்பறையை வெளியே உருவி, திருகு போட்டிருக்கிறதா, வெறும் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறதா என்று விரலால் தடவுவார். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, டயர் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று அச்சின் ஜாதகத்தையே சொல்வார். கடைசியில் எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டு, "குப்பை" என்பார். விற்பனைக்கார இளைஞர்களின் முகம் தொங்கிப்போவதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆனந்தம்.

அவர் வேலை பார்த்த லட்சணம் ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை, அவ்வளவுதான். இங்கே எல்லாத் தொழிற்சாலையிலும் ஒரே வழக்கம். ஒரு நாளைக்கு இத்தனை வண்டி முடிக்க வேண்டும், முடித்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பேய் பிடித்த மாதிரி வேலையில் இறங்குவார்கள். ஓரம் ஒட்டியதா என்று திரும்பிப் பார்க்க நேரம் கிடையாது. லாவனின் கூரைக் கோஷ்டி பன்னிரண்டு மணிக்கு முன்னால் வெளியே வந்துவிடும். மத்தியானம் ஏரியில் படகு, தூண்டில், குளிர்ந்த பீர். அந்த வேகத்துக்காக நிர்வாகம் அவருக்கு இரண்டு முறை கேடயம் கொடுத்தது. அதை வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்.

அவர் மனைவி வெர்டாவுக்கு அந்தக் கேடயத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவளுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. போன ஜனவரியில் தபால் பெட்டி வரைக்கும் போனவள் பனியில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிரில்லாத அரிசோனாவில் அவள் தங்கை வீட்டுக்குப் பின்னால் வண்டி நிறுத்த இடம் காத்திருக்கிறது. ஓய்வு பெற்றதும் முதல் குளிர்காலமே போகலாம் என்று லாவன் சத்தியம் செய்தார். இது மூன்றாவது குளிர்காலம். நாற்பத்திரண்டு வண்டி பார்த்தாயிற்று, நாற்பத்திரண்டும் குப்பை.

"நீ பொண்ணு பாக்கப் போனப்ப இவ்வளவு பாத்திருந்தா எனக்கு இந்தக் கதி வந்திருக்காது," என்றாள் வெர்டா.

"அவசரப்பட்டா நடு ரோட்டுல நிக்கணும். பரவால்லயா?"

"ரோட்டுல நிக்கறேன். பனியில விழுந்து கிடக்கமாட்டேன்."

அக்டோபர் கடைசியில் அவளே ஒரு விளம்பரம் பார்த்து அவரை இழுத்துக்கொண்டு போனாள். விற்பவர் ஓபல் ஷ்ராக் என்ற எண்பது வயதுக் கிழவி. புருஷன் இறந்துபோக, பதினோரு வருஷ வண்டி முற்றத்தில் நின்றது. வெளியே தொழிற்சாலைப் பெயரைப் பார்த்ததுமே லாவனின் நடை தளர்ந்தது. அவர் வேலை பார்த்த இடம்தான். ஆனாலும் கன்னத்தை ஒட்டினார், மோந்தார், அடியில் படுத்தார். சுவர் நேராக இருந்தது. டயர் சமமாகத் தேய்ந்திருந்தது. கிழவனார் வண்டியைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறார். வெர்டாவுக்கு உயிர் வந்தது.

உள்ளே முன்பக்கம், படுக்கைக்கு மேலே கூரையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பழுப்புக் கறை. லாவன் பக்கத்து அலமாரியைத் திறந்தார். கதவின் உட்புறம் தொழிற்சாலைச் சீட்டு ஒட்டியிருந்தது. அதில் கூரை என்ற வரிக்கு எதிரே அவருடைய கையெழுத்து. அலமாரியைச் சாத்தி, அதற்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டார்.

"என்ன கறை அது?" என்றாள் வெர்டா.

"காபி."

"கூரையிலயா?"

"சிந்தியிருப்பாங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு தைரியம் வேண்டும். வெர்டா அவரைத் தோளைப் பிடித்து நகர்த்தி அலமாரியைத் திறந்தாள், படித்தாள், சாத்தினாள்.

அதற்குள் ஓபல் கிழவி ஐஸ் டீ எடுத்துக்கொண்டு மெதுவாகப் படியேறி வந்தாள். "காபியும் இல்ல, கீபியும் இல்ல தம்பி. மழைத் தண்ணி. பொய் சொல்லி விக்க நான் வரல. வாங்கின முதல் மாசத்துலேருந்து ஒழுகுது. கம்பெனிக்கு நாலு தடவை கொண்டு போனோம். ஒண்ணும் இல்ல, உங்களுக்குத்தான் பராமரிக்கத் தெரியலன்னு திருப்பி அனுப்பிட்டானுங்க. பதினோரு வருஷம் தண்ணி பிடிக்க வயித்து மேல பாத்திரத்தை வெச்சுக்கிட்டுத் தூங்கினார் எங்க வீட்டுக்காரர். சாகறதுக்கு முந்தின வாரம்கூட, இந்தக் கூரையைப் போட்டவனை ஒரு தடவை பாக்கணும்னு சொன்னார்."

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி நின்றார் லாவன். பிறகு, "வெர்டா, கூரை சரியில்ல. வா, வேற பாக்கலாம்," என்றார்.

நாற்பத்து மூன்றாவது குப்பை. வெர்டா அசையவில்லை. படுக்கையில் சம்மணம் கட்ட முடியாத காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"நான் வரல. முப்பத்தொரு வருஷம் மத்தியானமே வீட்டுக்கு வந்து மீன் பிடிக்கப் போனியே, அந்த நேரம் எங்கேருந்து வந்துச்சுன்னு நினைச்சே? இவங்க படுக்கையிலேருந்து எடுத்தது. நீ கொண்டுவந்த மீனை நானும்தான் வறுத்துத் தின்னேன். அதனால நானும் பேசல. இப்ப பேசறேன். எனக்கு இந்த வண்டிதான் வேணும். யார் இந்தக் கூரையைப் போட்டதுன்னு இவங்ககிட்ட நீ சொல்றியா, நான் சொல்லவா?"

ஊரில் அத்தனை பேர் வண்டியையும் குப்பை என்று சொன்ன லாவனுக்கு வெட்கமாக இருந்தது, அறுபத்து நாலு வயதில் முதல் தடவையாக.

"நான்தான் போட்டேன், ஓபல் அம்மா," என்றார்.

கிழவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவள் அவருக்காகக் கொண்டுவந்த ஐஸ் டீயை நீட்டாமல் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

"கராஜுக்குப் பின்னால ஏணி இருக்கு," என்றாள். "இன்னிக்கு உனக்கு அவசரம் ஒண்ணும் இல்லையே?"