நாடியைத் தொடாத டாக்டர்

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. வெளி மாநிலத்தில் இருந்தோம்; அல்வாலில் வாடகை வீடு, மாதாப்பூரில் எனக்கு சாஃப்ட்வேர் வேலை. அவளுக்கு மூன்று நாள் காய்ச்சல் அடித்து, பிறகு விட்டது. விட்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. கஞ்சி குடித்தால்கூட வாந்தி. வயிறு வலிக்கிறது என்றாள். மாடி ஏறும்போது பாதிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நல்ல வெயிலிலும் கையும் காலும் சில்லென்று இருந்தன.

தெருமுனை கிளினிக் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "கேஸ்தான். பரீட்சை பயமும் இருக்கும்."

"படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடன்னு அடிக்குது டாக்டர். கொஞ்சம் வெச்சுப் பாருங்க."

ஸ்டெதாஸ்கோப் அவர் கழுத்தில்தான் தொங்கியது. எடுக்கவில்லை. "செல்போனைப் பார்த்து எல்லா அம்மாக்களும் டாக்டராயிடறீங்க" என்று சிரித்தார். நானும் அசட்டுச் சிரிப்பு சிரித்து, சிரப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் காலை பல் தேய்க்கும்போது, பள்ளியில் பழகிய ஹிந்தியில், "மம்மி, சக்கர் ஆ ரஹா ஹை" என்றாள். தலை சுற்றுகிறதாம். சொன்னவள் அப்படியே சரிந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். எண்ணி முடிக்கக்கூட இல்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஸ்கேன் எடுத்த இதய டாக்டரம்மா என்னிடம் வந்து சொன்னார்: "வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் இதயத் தசை வீங்கியிருக்கு. பாதி பலம்கூட இல்லாம துடிக்குது. நாடி வேகம், கை கால் குளிர்ச்சி, மயக்கம், இதெல்லாம் நிலைமை மோசமாகப் போகுதுங்கிற அடையாளம். நேத்தே காட்டியிருக்கலாமே?"

"காட்டினேன் டாக்டர். பார்க்கத்தான் ஆளில்லை."



ஒன்பது நாள் ஐசியூவில் இருந்தாள். பிழைத்தாள். ஆனால் இன்றுவரை மாத்திரை உண்டு. ஓடக் கூடாது. மற்ற பிள்ளைகள் கபடி ஆடும்போது மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்த கிளினிக்குக்குப் போனேன். அந்த டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரேர் கேஸ், மேடம்" என்றார்.

"வியாதி ரேர்தான். கையைப் பிடிச்சு நாடி பார்க்கிறதுமா ரேர்?"

அவர் அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிட்டார். அறைக்கு வெளியே ஹாலில், வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் "கியா ஹுவா?", என்ன ஆச்சு என்று கேட்டாள். என் ஓட்டை ஹிந்தியில், அந்த ஹாலுக்கே கேட்கும்படி, நடந்ததை முழுசாகச் சொன்னேன். கம்பவுண்டர் வெளியே போகச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத்தான் போனேன்.