சில்வர் அடித்த ஆன்டெனா

"ஏம்மா, அந்த ஆன்டெனாவப் பொட்டிக்குள்ள ஒட்டிரு. பாக்க லட்சணமா இருக்கும்."

எங்கள் முதலாளி இதைச் சொன்ன ஒவ்வொரு முறையும் நான் முடியாது என்றே சொன்னேன். பசுமலையில் ஸ்டெபிலைசர் செய்துகொண்டிருந்த பட்டறை அது. செல்போன் டவர்கள் ஊர் ஊராக முளைத்த இரண்டாயிரங்களில், சிம் கார்டு போட்ட கருவிகளும் செய்யலாம் என்று இறங்கியிருந்தோம். டிசைன் மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரே பெண் நான். வாய் நீளம் என்று வீட்டில் ஏற்கெனவே பெயர் வாங்கியிருந்தேன். பட்டறையில் புதிதாகக் கெட்டுப்போக என்னிடம் பெயர் எதுவும் மிச்சமில்லை.

கருவியின் வேலை எளிமையானதுதான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பால் குளிரூட்டும் நிலையம் இருந்தது. சுற்றுவட்டாரத்துப் பால் எல்லாம் அங்கே ஒரு தொட்டியில் சேரும். கரண்ட் போனால், பேட்டரியில் ஓடும் எங்கள் கருவி, நிலையத்தின் செயலாளருடைய செல்லுக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும். அவர் ஓடிவந்து ஜெனரேட்டரைப் போடுவார். மெசேஜ் போகாவிட்டால் பால் போச்சு.

கருவி உட்கார்ந்திருந்த பெட்டி கனமான இரும்புத் தகடு. அதற்குள் ஆன்டெனாவை வைப்பது, பீரோவுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் போகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி. பெட்டியின் தலையில், வெளியே, விரல் நீளக் கறுப்பு ஆன்டெனா நிற்க வேண்டும் என்றேன்.

முதலாளி லேசில் விடுகிற ஆள் இல்லை. ஸ்டிக்கர் போல ஒட்டும் சின்ன ஆன்டெனா ஒன்றை வரவழைத்தார். அதைப் பெட்டிக்குள் ஒட்டி, கதவை மூடி, பட்டறையில் எல்லோரையும் கூப்பிட்டு மெயினை அணைத்துக் காட்டினார். அவர் சட்டைப் பையில் செல் ஒலித்தது. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"எதுத்த மாடியில டவர் நிக்குது சார். இங்க ஆன்டெனாவுக்குப் பதிலா ஒரு ஊக்க மாட்டி வச்சாக்கூட மெசேஜ் போகும். பொட்டி இருக்கப் போறது இங்க இல்லையே" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "சரி, ஒன் இஷ்டப்படியே வை. ஆனா கம்ப்ளைண்ட்னு ஒண்ணு வந்துச்சு, டிசைன் மேஜைய விட்டு எந்திரிச்சு காயில் சுத்துற மேஜைக்குப் போயிரணும். சம்மதமா?"

"சம்மதம் சார்."

ஸ்டெபிலைசருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுவது மட்டமான வேலை என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. மதியச் சோற்றை என்னோடு பங்கிட்டதே அந்த மேஜை அக்காமார்கள்தான். ஆனால் தண்டனையாக அங்கே போக மாட்டேன். டிசைன் மேஜையின் அந்த ஒரு நாற்காலிக்காக வீட்டில் நான் போட்ட சண்டைகள் கொஞ்சமில்லை.

கோடை முழுக்கக் கருவி ஒழுங்காகப் பேசியது. ஆயுத பூஜை முடிந்த கையோடு செயலாளர் போனில் கத்தினார். ராத்திரி கரண்ட் போயிருக்கிறது, மெசேஜ் வரவில்லை, தொட்டிப் பால் மொத்தமும் கெட்டுவிட்டது, பால் ஊற்றியவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். முதலாளி போனை வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே அந்த ஸ்டிக்கர் ஆன்டெனாவை எடுத்துப் பையில் போட்டார்.

"வா. கஸ்டமர் முன்னாடியே மாத்திட்டு வந்துருவோம்."

நானும் வெறுங்கையோடு போகவில்லை. புது ஆன்டெனா ஒன்று, நீளமான கேபிள், சுவரில் அடிக்கும் கிளாம்பு எல்லாவற்றையும் என் பையில் திணித்துக்கொண்டேன்.

வேனை விட்டு இறங்கியதும் கண் கூசியது. பூஜைக்காக நிலையத்தையே சில்வர் பெயிண்டில் குளிப்பாட்டியிருந்தார்கள். பைப், மோட்டார், ஜெனரேட்டர் மூடி, எங்கள் பெட்டி எதையும் விடவில்லை. பெட்டியின் தலையில் நின்ற என் கறுப்பு ஆன்டெனாவும் வெள்ளி வேல் போல மின்னியது.

"எல்லாத்துக்கும் ரெண்டு கோட்டிங் தாயி. அதுக்கு மட்டும் மூணு. கறுப்பா அசிங்கமா இருந்துச்சுல்ல" என்றார் நிலையத்தின் ஆபரேட்டர். குரலில் அம்புட்டுப் பெருமை.

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பூஜைக்கு இரும்பைப் பளபளக்க வைப்பது எங்கள் பட்டறையிலும் நடப்பதுதான். ஆனால் அந்தப் பெயிண்டில் இருப்பது அலுமினியத் தூள். வெளியே நின்ற ஆன்டெனாவுக்கு உலோகச் சட்டை போட்டுவிட்டிருந்தார்கள். டவர் தொலைவில் இருந்ததால் ஏற்கெனவே இழுபறியாக வந்துகொண்டிருந்த சிக்னல், அதோடு படுத்துவிட்டது.

இதை விளக்கிச் சொன்னேன். முதலாளி கேட்டு முடித்துவிட்டுச் செயலாளர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? வெளிய வச்சா இப்படித்தான் ஆகும். உள்ள வைக்கணும்னு நான் மொதல்லருந்தே சொல்றேன்."

எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது.

"வைங்க சார். இப்பவே உள்ள வைங்க. வச்சுக் கதவ மூடுங்க. மெசேஜ் வந்துருச்சுன்னா நான் இங்கருந்தே டவுன் பஸ் ஏறிப் போறேன். நாளைக்குக் காயில் மேஜையில ஒக்காந்துக்கிறேன்."

எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கொஞ்சம் வாயை அடக்கியிருக்கலாம் என்று அன்றைக்கும் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

அவர் என் ஆன்டெனாவின் வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டிக்கரைப் பெட்டிக்குள் ஒட்டி மாட்டினார். கதவு திறந்திருக்கும்போதே மெயினை அணைத்தார். செயலாளரின் செல் ஒலித்தது. முதலாளி என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

"கதவு சார்" என்றேன்.

மெயினைப் போட்டு, கதவை மூடி, மறுபடி அணைத்தார். செயலாளர் செல்லை உள்ளங்கையில் ஏந்தி நின்றார். தொட்டிப் பக்கமிருந்து புளித்த வாடை வந்துகொண்டிருந்தது. ஆபரேட்டர் ஒரு பீடியைப் பற்றவைத்துக் குடித்தும் முடித்துவிட்டார். செல் வாயே திறக்கவில்லை. முதலாளி பொறுமையிழந்து கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே விடாமல் முயன்றுகொண்டிருந்த மெசேஜ் வந்து சேர்ந்தது.

"அப்ப நான் கதவத் தொறந்தே போட்டுக்கவா சார்? எலி வயரக் கடிச்சிராதா?" என்று செயலாளர் கேட்டார். அவர் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டார். முதலாளிக்கு அதுதான் கூடுதலாக வலித்திருக்கும்.

நான் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. ஏணியைப் போட்டு ஏறி, தகரக் கூரைக்கு மேலே சுவரில் கிளாம்பு அடித்து, புது ஆன்டெனாவை நிறுத்தி, கேபிளைப் பெட்டிக்கு இறக்கினேன். இறங்கி வந்து மெயினைப் போட்டு, கதவை மூடி, மறுபடி அணைத்தேன். செயலாளரின் செல் ஒலித்தது. இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னார். செய்தேன். மறுபடி ஒலித்தது.

"அடுத்த வருசப் பூசைக்கு இத என்ன செய்ய தாயி?" என்று ஆபரேட்டர் மேலே பார்த்துக் கேட்டார்.

"சந்தனம், குங்குமம் வைங்கண்ணே. மாலைகூடப் போடுங்க. பெயிண்ட் மட்டும் வேணாம்."

திரும்பும் வழியில் செக்கானூரணி தாண்டித்தான் முதலாளி வாயைத் திறந்தார். "இனிமே எல்லா ஆர்டருக்கும் வெளியவே வச்சிரு. ஆனா கஸ்டமர் முன்னாடி என்னைய அப்படிப் பேசுனது சரியில்லம்மா."

"கதவ மூடுங்கன்னு மட்டுந்தான் சார் சொன்னேன். மிச்சத்தப் பொட்டி சொல்லுச்சு."

மறுநாள் காலை டிசைன் மேஜைக்குப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்திரு என்று சொல்ல யாரும் வரவில்லை.