நாற்காலிக்காரர் கவனத்திற்கு

மைக்செட் வாடகைக்கு விடும் அவரை எல்லாரும் 'ஹலோ' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாக ஒவ்வொரு மேடையிலும் முதலில் பேசுகிறவர் அவர்தான். பேசுவதும் அந்த ஒரு வார்த்தைதான். வீட்டிலும் அளந்துதான் பேசுவார். சகலையிடம் மட்டும் ஒன்பது வருடமாக அந்த அளவும் கிடையாது.

சகலை பந்தல், நாற்காலி வாடகைக்காரர். மாமனார் புது வீட்டில் விருந்து வைத்த அன்று அவருடைய நாற்காலி ஒன்று கால் ஒடிந்து, ஹலோவைச் சாப்பாட்டுத் தட்டோடு தரையில் உட்கார வைத்துவிட்டது. அன்றோடு பேச்சு நின்றது. அக்கா தங்கைகளான இருவரின் மனைவிமார்களும் தினம் போனில் மணிக்கணக்காகப் பேசி அந்தக் குறையை ஈடுகட்டினார்கள்.

கல்லூரி மாணவர்கள் தங்கள் மைதானத்தில் 'நீதியும் சமரசமும்' என்று ஊர் மக்களுக்காக ஒரு விழா ஏற்பாடு செய்தார்கள். செயலாளராக இருந்த மாணவிக்கு இந்தப் பழங்கதை எதுவும் தெரியாது. மைக்குக்கு இவரையும் நாற்காலிக்கு அவரையும் சொல்லி வைத்துவிட்டாள்.

விழா அன்று காலையில் ஹலோ வந்து பார்த்தால், சகலையின் ஆட்கள் நட்ட பந்தல் கால் ஒன்று அவருடைய ஒயரை மிதித்துக்கொண்டு நின்றது. கூப்பிட்டுச் சொன்னால் வீறாப்பு போய்விடும். சொல்லாவிட்டால் ஒயர் போய்விடும். கொஞ்ச நேரம் யோசித்தவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

"நாற்காலி உரிமையாளரின் கனிவான கவனத்திற்கு. தங்கள் பந்தல் கால் ஒன்று ஒயரின் மேல் நிற்கிறது. உடனடியாக அகற்றுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

மைதானத்தின் மறுகோடியிலிருந்து சகலை கையைக் குவித்துக் கத்தினார்: "ஒயரைப் போட்டவரையே நகர்த்திக்கச் சொல்லுங்கப்பா!"

"கத்துவோர் கவனத்திற்கு. ஒயர் நேற்றே போடப்பட்டது. கால் இன்றுதான் முளைத்தது."

கூட்டம் சேர்ந்தது. வந்தவர்கள் இதுதான் முதல் நிகழ்ச்சி என்று நினைத்து, முன் வரிசையில் இடம் பிடித்துக் கைதட்டினார்கள். விழாவின் 'சண்டையைப் பேசித் தீர்ப்போம்' என்ற நிகழ்ச்சிக்கு ஒரு சண்டைகூட வரவில்லையே என்று நகம் கடித்துக்கொண்டிருந்த செயலாளருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று. இன்னொரு மைக்கைச் சகலையின் கையில் திணித்து, இருவரையும் மேடையில் ஏற்றிவிட்டாள்.

"உங்களுக்குள்ள என்னதாங்க பிரச்சினை?"

"நாற்காலிம்மா," என்றார் சகலை. "அது ஒடிஞ்சது என் தப்பா? ஆள் பார்த்தா ஒடியும்?"

"நாற்காலி இல்ல." ஹலோ அறிவிப்புத் தமிழிலிருந்து முதல் முறையாகக் கீழே இறங்கினார். "நான் விழுந்தப்ப நீ சிரிச்சே. மாமனார் சிரிச்சார், பெரியவர், விட்டுட்டேன். நீ எப்படிச் சிரிக்கலாம்?"

"சிரிச்சேன் அண்ணே, இல்லேங்கல. நீங்க எழுந்திரிச்சு, தட்டுல எதாச்சும் மிச்சம் இருக்கான்னு பார்த்தீங்களே, அப்பதான் சிரிச்சேன். அடிபடலைன்னு தெரிஞ்சப்புறம்தான். அதுவரைக்கும் எனக்கு மூச்சே வரல."

ஒன்பது வருடமாக அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துப் பொருமிய ஹலோ, அதற்கு முந்தைய நிமிடத்தில் சகலையின் முகம் எப்படி இருந்தது என்று ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"சரி, ஒரு மன்னிப்பு கேட்டுடு. முடிச்சுக்கலாம்," என்றார்.

சகலை கிட்டே வந்து வாயைத் திறந்தார். இரண்டு மைக்கும் நெருங்கியதும் ஒலிபெருக்கி 'கீய்ய்ய்ங்' என்று அலறியது. முன் வரிசை காதைப் பொத்திக்கொண்டது. அலறல் அடங்கியபோது சகலையின் வாய் மூடியிருந்தது.

"கேட்டுட்டேன்," என்றார்.

"எனக்குக் கேக்கலயே!"

"உங்க மைக்செட்டு லட்சணம் அப்படி. நான் ஒரு தடவைதான் கேப்பேன்."

சிரிப்பில் பந்தலே குலுங்கியது. செயலாளர் நோட்டைப் பிரித்துக்கொண்டு தயங்கினாள். "சமரசம் ஆயிடுச்சுன்னு எழுதிக்கலாங்களா?"

"எழுதிக்கோம்மா," என்றார் ஹலோ. "மன்னிப்பு மட்டும் விசாரணையில இருக்குன்னு பக்கத்துல போடு."

மாலையில் பெட்டிகளும் நாற்காலிகளும் ஒரே வண்டியில் ஏறின. முன் சீட்டில் இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கேட்டதா கேட்கவில்லையா என்ற வழக்கு வழிநெடுக நடந்தது. வண்டி ஹலோவின் வீட்டு வாசலில் நின்ற பிறகும் யாரும் இறங்கவில்லை. டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.